தேசி மரத்து வீக்கமும் ஊர்க் கறிவேப்பிலையும்

லிட்கம்மில் பின்வளவில் தேசி மரம் வைத்திருக்கும் நம்மில் பலர் இளங்கொப்புகளில் முண்டு முண்டான வீக்கத்தைக் கண்டிருப்போம். ஒருவகைச் சிறு குளவி தண்டுக்குள் முட்டையிட, புழு வளர வளரத் தண்டும் வீங்குகிறது. குவீன்ஸ்லாந்துப் பக்கத்துக் காட்டுத் தேசியில் வாழ்ந்த குளவி இது. இப்போது நமது தேசிக்கும் தோடைக்கும் வந்துவிட்டது.

புழு தண்டுக்குள் இருப்பதால் மேலே மருந்து அடித்துப் பயனில்லை. ஓகஸ்ட் முடியுமுன் வீங்கிய கொப்பை வெட்டிவிட வேண்டும். வெட்ட மனமில்லையா? மரக்கறித் தோல்சீவியால் வீக்கத்தின் ஒரு பக்கத்தைச் சீவிவிடுங்கள்; உள்ளிருப்பவை காய்ந்து சாகும். சிறு துளைகள் தெரிந்தால் குளவி பறந்துவிட்டது, பிறகு வெட்டுவது வீண்வேலை. இந்தக் குளவியை அழிக்கும் வேறு குளவிகளும் உண்டு. பூச்சிகொல்லி அடித்தால் அவையும் சாகும்.

ஊர்ப் பழக்கத்தில் நாம் வேப்பெண்ணெயைத் தேடுவோம். இங்கே கடையில் உள்ள வேம்பு மருந்துகள் சில அலங்காரச் செடிகளுக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டவை. லேபிளை வாசியுங்கள்.

இதைவிடப் பெரிய விடயம் கறிவேப்பிலை. ஊருக்குப் போய் வரும்போது கன்றோ பச்சை இலையோ கொண்டுவரவே கூடாது. இலங்கையிலும் இந்தியாவிலும் கறிவேப்பிலையில் வாழும் ஒரு சாறுறிஞ்சிப் பூச்சி, தோடை இனத்தையே கொல்லும் நோயைப் பரப்புகிறது. அந்நோய்க்கு மருந்தில்லை. 2005இல் புளோரிடாவில் அது கண்டறியப்பட்டபின் அங்குள்ள தோடைத் தோட்டங்கள் பெருமளவு அழிந்தன. அவுஸ்திரேலியாவில் அந்தப் பூச்சி இன்னும் இல்லை. கன்று வேண்டுமென்றால், அயல்வீட்டு மரத்தடியில் முளைத்து நிற்பதைக் கேட்டு வாங்கலாம்.