ஒன்பதரை மணிக்குச் சொந்தக்காரர்

தமிழகத்தில் இரவு ஒன்பதரை என்றால் சிங்கப்பூரில் நள்ளிரவு 12 மணி. சன் டிவியில் அந்த நேரத்தில் 1999 முதல் 2001 வரை வந்த 'சித்தி' தொடரை அதே நேரத்தில் பார்க்க வேண்டுமானால் இங்குள்ளவர்கள் தூக்கத்தைத் தொலைக்க வேண்டும். சிராங்கூன் சாலை வீடியோ கடைகளில் திரைப்படங்களோடு தொடர்களும் வட்டுகளாகக் கிடைத்த காலம் அது. ஐந்தாறு நாள் கதையை வார இறுதியில் ஒரே மூச்சில் பார்த்து முடித்த குடும்பங்கள் உண்டு.

அந்தத் தொடரின் நாயகி ராதிகா. நடிகவேள் எம்.ஆர்.ராதாவின் மகள். 1978ல் பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' மூலம் அறிமுகமாகி, பெரிய நாயகர்கள் பலரோடும் நடித்தவர். வயது கூடியதும் நாயகிகளுக்கு அக்கா, அண்ணி வேடம் கொடுத்து ஒதுக்குவது திரையுலக வழக்கம். ராதிகா அதற்குக் காத்திருக்கவில்லை. 1994லேயே ராடான் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார்.

'சித்தி'யின் வெற்றிக்குக் கதையும் காரணம். தமிழ்க் கதைகளில் மாற்றாந்தாய் என்றாலே கொடுமைக்காரிதான். மனைவியை இழந்தவரை மணந்து, அவருடைய மகளைத் தன் மகளாக வளர்க்கும் சாரதா அந்த வழக்கத்தை மாற்றினாள். சிவகுமார் கணவராக நடித்தார். தெலுங்கில் 'பின்னி' என்ற பெயரில் சென்றபோதும் வரவேற்பு குறையவில்லை.

ஆனால் ராதிகா இத்தனை ஆண்டுகள் நிலைத்ததற்கு நடிப்பு மட்டும் காரணமல்ல. அந்த நாளில் சன் டிவியில் நடந்த முறை இது: அரை மணி நேரத்தைத் தயாரிப்பாளர் கட்டணம் செலுத்தி வாங்குவார். பதிலுக்கு அதில் சில நிமிட விளம்பர நேரம் அவருக்குக் கிடைக்கும். அதை நிறுவனங்களுக்கு விற்றுத்தான் நடிகர்களுக்கும் படப்பிடிப்புக்கும் ஆன செலவை ஈடுகட்ட வேண்டும். பார்வையாளர் கூடினால் லாபம். குறைந்தாலும் டிவிக்குக் கட்ட வேண்டிய பணம் குறையாது.

பெரும்பாலான சின்னத்திரை நடிகைகளுக்கு இதில் பங்கில்லை. நாள் கணக்கில் சம்பளம். கதாசிரியர் நினைத்தால் நாயகிக்கு விபத்து, நினைவிழப்பு, மரணம் எதுவும் வரும். 'இனி இவருக்குப் பதில் இவர்' என்ற ஒரு வரி அறிவிப்போடு ஆளே மாறிவிடுவதும் உண்டு. ராதிகாவை அப்படி யாரும் மாற்ற முடியாது. சம்பளம் கொடுப்பவரே அவர்தான்!

'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே' என்று வரிசையாகத் தொடர்கள் வந்தன. 2013 முதல் 2018 வரை 'வாணி ராணி'. சகோதரர்களை மணந்த இரட்டைச் சகோதரிகளாக, வழக்கறிஞர் வாணி, இல்லத்தரசி ராணி என்று இரு வேடத்திலும் அவரே நடித்தார். 1,700 பகுதிகளுக்கு மேல் ஓடியது. இழுத்தார்கள் என்று சொன்னவர்களும் விடாமல்தான் பார்த்தார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்ணை வாரம் முழுவதும் கதையின் நடுவில் நிறுத்திப் பார்க்கும் துணிவு வேறு எந்தத் தயாரிப்பாளருக்கு வந்திருக்கும்?

சிங்கப்பூர்த் தமிழ் நடிகைகளின் நிலை முற்றிலும் வேறு. 1963ல் இங்கு தொலைக்காட்சி தொடங்கியதிலிருந்து தமிழுக்குக் கிடைத்தது மற்ற மொழிகளோடு பகிர்ந்த சில மணி நேரம்தான். 2000ல் 'வசந்தம் சென்ட்ரல்' வந்தபோதும் அதே கதை. 2008 அக்டோபரில்தான் வசந்தம் தனி ஒளிவழியானது. இங்கு நேரத்தை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. பொதுச்சேவை ஒளிபரப்புக்கு அரசாங்க நிதி வருகிறது. தயாரிப்பு நிறுவனங்களுக்கு ஒளிவழி வேலை கொடுக்கிறது. ஒரு நாடகம் சில பத்துப் பகுதிகளில் முடிந்துவிடும்.

இதில் ஒரு நன்மை உண்டு. விளம்பரத்துக்காகக் கதையை ஐந்து ஆண்டு இழுக்க வேண்டியதில்லை. கூட்டுக்குடும்பச் சண்டையைத் தாண்டி வீவக வீட்டுக் கதையைச் சொல்லலாம். ஆனால் மூன்று மாதம் நாயகியாக இருந்தவருக்கு அடுத்த நாடகம் எப்போது என்பது அவர் கையில் இல்லை. அதனால்தான் இங்குள்ள நடிகைகளில் பலர் வேறு வேலையை வைத்துக்கொண்டு விடுப்பிலும் வார இறுதியிலும் நடிக்கிறார்கள். தேக்காவில் அவர்களை அடையாளம் கண்டு படம் எடுத்துக்கொள்பவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

ராதிகா 2020 ஜனவரியில் 'சித்தி 2' தொடரில் மீண்டும் சாரதாவானார். சில வாரங்களிலேயே கொரோனா வந்து படப்பிடிப்பை நிறுத்தியது. 2021ல் அரசியல் பணிக்காகத் தொடரை விட்டு விலகுவதாக அவரே அறிவித்தார். சாரதா இல்லாமல் 'சித்தி 2' அடுத்த ஆண்டு வரை ஓடியது.