பாவித்த ஜீப்: பணத்தை எதில் போடுவது?

பொத்துவில், அக்கரைப்பற்று, கிண்ணியா போன்ற பகுதிகளில் நெல், மீன், மரக்கறி வியாபாரம் செய்யும் எமது சகோதரர்கள் பலருக்கு போர் வீல் டிரைவ் ஜீப்போ டபள் கெப்போ ஆடம்பரமல்ல. மாரி மழையில் வயல் பாதைக்குள் வேறு வாகனம் இறங்காது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறக்கப்பட்டது. ஆயினும் புதியதின் விலை சிறு வியாபாரியின் கைக்கு எட்டுவதாயில்லை. எனவே பாவித்த வாகனமே வழி.

பிரச்சினை வாங்கிய பின்னர்தான் ஆரம்பிக்கிறது. வின்ச் பூட்டுங்கள், பெரிய டயர் போடுங்கள், ஸ்பிரிங்கை உயர்த்துங்கள் என்று ஆளுக்கு ஆள் ஆலோசனை சொல்வார்கள். செலவாகப் போவதோ கடையின் கைமுதல். ஒவ்வொரு ஆலோசனைக்கும் ஒரு கேள்வி போதும்: இது இல்லாததால் போன மாதம் எனது எந்தப் பயணம் தடைப்பட்டது?

முதல் செலவு கண்ணுக்குத் தெரியாத இடத்திலாகும். எல்200, பழைய பஜேரோ ஆகியவற்றில் வரும் மிட்சுபிஷி 4டி56 டீசல் எஞ்சினுக்கு டைமிங் பெல்ட் உண்டு. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். மாற்றியதற்குப் பற்றுச்சீட்டு இல்லையெனில் மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள். 4எம்40 எஞ்சினில் இருப்பது செயின் என்பதால் இந்தச் செலவு இல்லை. ரேடியேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்விக்க வேண்டும்; 4டி56 சூடேறினால் சிலிண்டர் ஹெட் வெடிக்கும் என்பது கராஜ்காரர் எல்லோரும் அறிந்தது. டிபரென்ஷல் ஒயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

அடுத்தது பிரேக். அம்பாறைப் பக்கத்திலிருந்து கண்டிக்குச் சென்று சரக்கேற்றிக்கொண்டு மஹியங்கனை பதினெட்டு வளைவால் இறங்குபவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் பலர் அறியாத விடயம் ஒன்றுண்டு. டபள் கெப்கள் பலவற்றில் பின் அச்சுக்கு மேலே ஒரு சிறு வால்வு இருக்கும். செசிக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கொண்டு அது பாரத்தை அறிந்து, பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். கூடுதல் ஸ்பிரிங் பிளேட் போட்டு பின்பக்கத்தை உயர்த்தினால், பாரம் நிறைந்த வாகனத்தையும் வெறும் வாகனமென அது எண்ணிவிடும். பின் பிரேக் மெலிந்துபோகும். பிளேட் போட்டே ஆகவேண்டுமாயின் இந்த வால்வையும் சரிசெய்யச் சொல்லுங்கள். பிளேட் கூடியதால் கம்பனி விதித்த பார அளவு கூடிவிடாது. அச்சும் பெயாரிங்கும் பழையவைதானே.

டயருக்குச் செலவழிப்பது வீணல்ல. ஆனால் அளவை மாற்றாதீர்கள். 265/70 ஆர்16 டயருக்குப் பதிலாக 285/75 ஆர்16 போட்டால் விட்டம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். மீற்றர் 60 காட்டும்போது ஓடுவது 64. இழுவையும் குறையும், பிரேக்கின் வேலையும் கூடும். பழைய அளவிலேயே சேற்றுக்கு ஏற்ற டயர் எடுக்கலாம். பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2219 என்றால் 2019ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். பூ நன்றாக இருந்தாலும் முதுமையடைந்த டயர் வேண்டாம்.

வின்ச், ஆளில்லாக் காட்டுப் பாதையில் தனியே போகிறவருக்குத் தேவைப்படலாம். மற்றவருக்கு நல்ல இழுவைக் கயிறும் மண்வெட்டியும் காற்றுப் பம்பும் போதும். சேற்றில் டயர்க் காற்றைச் சற்றுக் குறைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும், தார் வீதிக்கு ஏறியதும் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம்.

இழுவை கூடுமென டீசல் பம்பைத் திருகிக் கொடுப்போரும் உள்ளனர். கரும்புகை வரும், புகைப் பரிசோதனையில் தவறினால் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது, வாகனம் வீட்டு வாசலில் நிற்கும். புல்பார், மேல் லைட் போன்றவற்றைப் பற்றி எழுத அதிகமில்லை. பூட்டுவதாயின் இன்சூரன்ஸ் கம்பனிக்கு முதலில் அறிவித்துவிடுங்கள்.