படைப்பணியும் மனச்சான்றும்



மக்களாட்சி நாட்டில் இளைஞர்களைக் கட்டாயமாகப் படைக்கு அழைக்கலாமா? மக்களிடமே கேட்டால் 'வேண்டாம்' என்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். ஆஸ்திரியா நாட்டில் 2013 சனவரி 20 அன்று அப்படிக் கேட்டார்கள். வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர், கட்டாயப் பணி தொடரட்டும் என்றனர்.

போரின்மீது ஆசையா? இல்லை. ஆயுதம் ஏந்த மனச்சான்று இடம் தராத இளைஞர்கள் அதற்குப் பதிலாகச் சமூகப் பணி செய்ய, 1975 முதல் அங்கே சட்டம் வழிவிட்டிருக்கிறது. வாக்கெடுப்பு நடந்த காலத்தில் படைப்பணி 6 மாதம். சமூகப் பணி 9 மாதம். ஆம்புலன்சில் நோயாளியைத் தூக்கிச் செல்வதும், முதியோர் இல்லத்தில் பணிவிடை செய்வதும் இவர்களே. படைக்கு அழைப்பது நின்றால் இந்த உதவிக் கரங்களும் போய்விடுமே என்ற கவலைதான் பலரை அப்படி வாக்களிக்கத் தூண்டியது.

சரி, பெரும்பான்மையினர் ஆதரித்தாலே ஒரு கட்டளை நீதியாகிவிடுமா? அதே நாட்டின் பழைய வாக்கெடுப்பு ஒன்றை நினைத்துப் பார்ப்போம். 1938 ஏப்ரலில், ஆஸ்திரியாவை இட்லரின் ஜெர்மனியோடு இணைத்ததற்கு ஒப்புதல் கேட்டார்கள். அச்சம் சூழ்ந்த அந்த வாக்கெடுப்பில், புனித ராடெகுண்ட் என்ற சிற்றூரில் 'இல்லை' என்றவர் ஒருவரே. அவர் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் என்னும் விவசாயி. பின்னர் இட்லரின் படையில் போரிட மறுத்தார். மனைவி, மூன்று பெண் குழந்தைகள் இருக்கிறார்களே என்று ஊரார் தடுத்தார்கள்; ஆயரும் அவ்வாறே அறிவுரை கூறினார். காயமுற்றோருக்கு மருத்துவப் பணி செய்கிறேன் என்றார் அவர். ஏற்கவில்லை. 1943 ஆகஸ்டு 9-இல் அவர் தலை வெட்டப்பட்டது. 2007-இல் திருச்சபை அவரை அருளாளராக உயர்த்தியது.

அவர் கேட்டதும் மறுக்கப்பட்டதும் எதுவோ, அதுபோன்ற பணியைத்தான் இன்று அந்நாட்டு இளைஞர்கள் சட்டப்படி செய்கிறார்கள்!

இரண்டாம் வத்திக்கான் சங்கம், 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில் (எண் 79) இரண்டையும் சொல்கிறது. நாட்டின் பாதுகாப்புக்காக நேர்மையாகப் பணிபுரியும் படைவீரர் அமைதிக்கே துணைசெய்கிறார். மனச்சான்றின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுப்பவரும் வேறு வழியில் சமூகத்துக்குப் பணியாற்ற முன்வந்தால், சட்டம் அவரை மனிதநேயத்தோடு நடத்த வேண்டும்.

ஆக, நாட்டுக்கு உழைக்கும்படி குடிமகனை அரசு கேட்கலாம். அவனது மனச்சான்றைக் கேட்க முடியாது. நம் நாட்டில் கட்டாயப் படைப்பணி இல்லை. ஆயினும், ஊரே 'ஆம்' என்னும்போது தனியாக 'இல்லை' என்னும் ஒருவரை நாம் எப்படி நடத்துகிறோம்? சிந்திப்போம்.