லயத்து வீட்டில் ஒரு கோப்பி மூலை

இரத்தோட்டை, எல்கடுவ, கம்மடுவ பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதுண்டு. லயத்துக்குப் பின்னால், மிளகுக் கொடிக்கும் வாழைக்கும் நடுவில் நாலைந்து கோப்பி மரம் நிற்கும். பழம் பாதி சிவந்து பாதி பச்சையாக இருக்கும்போதே வியாபாரி வந்துவிடுவார். "மழை வந்தா கொட்டிரும்மா, இப்பவே குடுத்திருங்க" என்பார். நாமும் மொத்தத்தையும் உருவிக் கொடுத்துவிடுவோம். பிறகு அதே வாரம் கடைக்குப் போய் ஒரு சின்னப் பக்கற் கோப்பித்தூள் வாங்கி வருவோம். பச்சைக்காய் கலந்திருப்பதால் நமக்குக் கிடைப்பது அடிமட்ட விலை. வாங்குகிற தூளோ குதிரை விலை. நடுவில் போகிற காசு யாருடையது? நம்ம காசுதானுங்க.

வீட்டில் ஒரு சின்ன கோப்பி மூலை அமைத்துக்கொண்டால் இந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம். மெஷின் ஒன்றும் வேண்டாம். ஒரு பலகை, மூடி இறுக்கமான டின் ஒன்று, ஒரு துணி வடி, ஒரு பிளாஸ்க் இருந்தால் போதும். உரலும் சொளகும் இரும்புச் சட்டியும் பெரும்பாலான வீட்டில் இருக்கின்றன.

நம்ம முன்னோர்கள் இந்த மாத்தளை வழியாக வந்ததே கோப்பிக்காகத்தான் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளையும் நாலந்தாவும் தாண்டி மாத்தளைக்கு வந்து, அப்புறம் மலை ஏறினார்கள். வழியில் கொலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். 1869இல் கோப்பி இலையில் துரு பிடித்தது போல ஒரு பூஞ்சண நோய் கண்டது. அதன் பின் இருபது வருஷத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அநேகமாக அழிந்து, அந்த இடத்தில் தேயிலை வந்தது. 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தபோது கோப்பிக் காலம் முடிகிற தறுவாயில் இருந்தது. பெரிய தோட்டங்கள் போன பின்னும் வீட்டுத் தோட்டங்களில் மரம் தங்கிவிட்டது. அந்த நோயும் போகவில்லை. இலைக்கு அடியில் ஆரஞ்சு நிறத் தூள் ஒட்டியிருந்தால் அதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் வேலை பழம் பறிப்பது. கொழுந்து எடுக்கிற கைக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கொழுந்தில் முற்றல் இலை சேர்ந்தால் எப்படியோ, கோப்பியில் பச்சைக்காய் சேர்ந்தால் அப்படித்தான். நன்றாகச் சிவந்ததை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளுங்க. பத்து நாள் கழித்து மறுபடி ஒரு சுற்று. பறித்ததை வாளித் தண்ணீரில் போட்டால் பொக்குப் பழம் மிதக்கும், அதைத் தள்ளிவிடுங்க.

அடுத்தது காயவைப்பது. கோப்பி கெட்டுப்போவது அநேகமாக இந்த இடத்தில்தான். நம்ம பக்கம் பழம் சேர்கிற நேரமும் வடகீழ்ப் பருவ மழை நேரமும் ஒன்றாக வந்து நிற்கும். முற்றத்து மண்ணில் பரப்பினால் மண் வாடையும் கோழி எச்சமும் சேரும். தார் ரோட்டில் பரப்புவதைப் பார்த்திருக்கின்றோம், தயவுசெய்து அது வேண்டாம், தார் வாடை கோப்பிக்குள் இறங்கிவிடும். நாலு கம்பு நட்டு, பழைய நுளம்பு வலையையோ பாயையோ இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டுங்க. மருந்து போட்ட வலை மட்டும் கூடாது. அதன் மேல் பழத்தை ஒரு அங்குலத்துக்கு மேல் கனமில்லாமல் பரப்பி, நாளுக்கு நாலைந்து தடவை கையால் கிளறிவிட வேண்டும். மழை இருட்டினால் அப்படியே இஸ்தோப்புக்குள் தூக்கி வைக்கலாம். வேலைக்குப் போகிற நாளில் வீட்டில் இருக்கிற பாட்டியிடம் சொல்லிவிட்டுப் போங்க. இராத்திரி கட்டாயம் உள்ளே வைக்க வேண்டும். அடுப்புக்கு மேல் கட்டித் தொங்கவிட்டால் சீக்கிரம் காயும்தான், ஆனால் மிலாறுப் புகை குடித்த கோப்பியை யாரும் குடிக்க முடியாது.

வெயிலைப் பொறுத்து இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினால் கொட்டை கலகலவென்று சத்தம் போட வேண்டும். பூஞ்சணம் பிடித்து முடை நாற்றம் அடித்தால் அதை வறுத்துச் சரிப்படுத்தலாமென்று நினைக்காதீங்க. அந்தப் பூஞ்சண நஞ்சு சிறுநீரகத்துக்குக் கெடுதல், வறுத்தாலும் முழுவதும் போகாது.

காய்ந்ததை உரலில் மெதுவாகக் குத்திப் புடைத்தால் தோல் போய்க் கொட்டை வரும். அஞ்சு, ஆறு கிலோ பழத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கொட்டை. வறுக்கும்போது அதிலும் ஆறில் ஒரு பங்கு எடை குறையும். அப்படியென்றால் பத்துக் கிலோ பழத்தில் ஒன்றரைக் கிலோத் தூள், கிட்டத்தட்ட 150 கோப்பைக் கோப்பி. மூன்று பேர் உள்ள வீட்டுக்கு ஆளுக்குத் தினம் ஒரு கோப்பையாக ஐம்பது நாள் வரும்.

மொத்தத்தையும் ஒரே நாளில் வறுக்கக் கூடாது. கொட்டையாக இருந்தால் மாதக்கணக்கில் கெடாது, வறுத்துத் தூளாக்கினால் இரண்டு வாரத்தில் மணம் போய்விடும். ஆகவே வாரத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, இரும்புச் சட்டியில், மிதமான நெருப்பில், கை ஓயாமல் கிளறி வறுக்க வேண்டும். பத்து, பதினைந்து நிமிஷத்தில் படபடவென்று வெடிக்கும். வெடிப்பு அடங்கி நல்ல பழுப்பு நிறம் வந்ததும் இறக்கிச் சொளகில் கொட்டி விசிறுங்க. சட்டியிலேயே விட்டால் சூட்டில் கருகிவிடும். கரிக்கட்டை நிறத்தில் வறுத்தால்தான் "கடும் கோப்பி" என்று சிலர் நினைக்கிறாங்க. அது கசப்புத்தான், கடுமை இல்லை. மிளகாய் இடித்த உரல் என்றால் முதலில் ஒரு பிடி பச்சரிசி இடித்துக் கொட்டிவிடுங்க. தூள் ரவை மாதிரி இருந்தால் போதும்.

இனி அந்த மூலை. லயக் காம்பரா சின்னது, ஆகவே இடம் பார்த்து வைக்க வேண்டும். சுவரில் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு பலகை அடித்தால் அதுவே மூலை. மண்ணெண்ணெய்ப் போத்தல், சவர்க்காரம், கருவாடு எதுவும் அந்தப் பலகையில் வரக் கூடாது, கோப்பி எல்லா வாடையையும் இழுத்துக்கொள்ளும். பெயின்ற் டின்னில் தூள் போட்டு வைக்காதீங்க. வடிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தேத்தண்ணிக் கடையில் பார்ப்பீங்களே, கம்பி வளையத்தில் தைத்த துணிப் பை, அதேதான். வெள்ளைப் பருத்தித் துணியில் தைத்து முதலில் ஒரு தடவை வெந்நீரில் அவித்தெடுங்க. பிறகு சவர்க்காரம் போடாமல் தண்ணீரில் மட்டும் கழுவிக் காயப் போட்டால் போதும்.

கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி குவித்துச் சட்டியில் போடுங்க. தண்ணீர் கொதித்து இறக்கி அரை நிமிஷம் கழித்து ஊற்றி, மூடி, நாலு நிமிஷம் விட்டு வடியுங்க. தூளைப் போட்டுக் கொதிக்க வைத்தால் மணம் அடுப்போடு போய்விடும். விடியற்காலையில் இப்படி வடித்துப் பிளாஸ்க்கில் ஊற்றிவிட்டால் பெரட்டுக்குப் போகிறவர் அவசரப்பட வேண்டியதில்லை. சுக்கு, கொத்தமல்லி சேர்ப்பதும் சீனிக்குப் பதில் கித்துள் கருப்பட்டி கடித்துக்கொள்வதும் அவரவர் விருப்பம்.

அம்மாமாருக்கு ஒரு விஷயம். கோப்பியும் தேத்தண்ணியும் சாப்பாட்டோடு உள்ளே போனால் சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்து இரத்தத்தில் சேர்வதைத் தடுக்கும், தேத்தண்ணி இன்னும் அதிகமாகத் தடுக்கும். இரத்தம் குறைவு என்று மிட்வைப் அம்மா இரும்பு மாத்திரை கொடுத்திருப்பாங்க. அதைக் கோப்பித்தண்ணியால் விழுங்கினால் பாதி வீண். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ, இரண்டு மணி நேரம் பின்னாலோ குடியுங்க. கர்ப்பிணிகள் நாளுக்கு இரண்டு கோப்பைக்கு மேல் போக வேண்டாம், தேத்தண்ணியையும் அந்தக் கணக்கில் சேருங்க. வெட்டுக் காயத்தில் கோப்பித்தூள் அப்புகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்க, புண் சீழ் பிடிக்கும். கொதிநீர் பட்டால் இருபது நிமிஷம் பச்சைத் தண்ணீர் ஊற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க.

வீட்டுக்கு எடுத்தது போக மிச்சத்தைக் காய்ந்த கொட்டையாகவே விற்கலாம். அது வைத்திருக்கிற பொருள், வியாபாரி சொல்கிற நாளில் கொடுக்கத் தேவையில்லை, இரண்டு கடையில் விலை கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். மரம் இல்லாத வீட்டார் மாத்தளையில் உள்ள ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் கோப்பிக் கன்று பற்றி விசாரிக்கலாம். லயத்தைச் சுற்றியுள்ள இடம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால், நடுவதற்கு முன் ஒபிசில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்க. நட்ட கன்று மூன்றாம் வருஷமளவில் காய்க்கத் தொடங்கும்.