சிங்கப்பூர் கணக்கும் கல்வராயன் கிழங்கும்

சிங்கப்பூரின் மொத்தப் பரப்பு சுமார் 735 சதுர கிலோமீட்டர். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் பரப்பு சுமார் 3,520 சதுர கிலோமீட்டர். அதாவது, கள்ளக்குறிச்சியை ஐந்தாகப் பிரித்தால் ஒரு துண்டுதான் சிங்கப்பூர். நெல் வயல் கிடையாது, கரும்பு கிடையாது, கல்வராயன் போல ஒரு மலையும் கிடையாது. குடிதண்ணீரில் ஒரு பங்கைக்கூட மலேசியாவிலிருந்து குழாய் போட்டுத்தான் கொண்டுவருகிறார்கள்.

ஆனால், ‘சிங்கப்பூர் இந்த வருஷம் எத்தனை சதவீதம் வளர்ந்தது?’ என்ற கேள்விக்கு, ஆண்டின் கடைசி நாளிலேயே பதில் வந்துவிடுகிறது. பிரதமரின் புத்தாண்டுச் செய்தியில் அந்த எண் இருக்கும். 2024 டிசம்பர் 31 அன்று பிரதமர் லாரன்ஸ் வோங் சொன்னது 4 சதவீதம்.

சங்கராபுரம் பக்கத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். கற்பனை வீடுதான். மூத்த மகன் சிங்கப்பூர் ஷிப்யார்டில் வெல்டர். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மரவள்ளி. அம்மா வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். அந்த 4 சதவீதத்துக்குள் மகனின் உழைப்பு இருக்கிறதா? இருக்கிறது. அவர் அனுப்பும் பணம் இந்தியாவின் வளர்ச்சிக் கணக்கில் வருமா? வராது. ஏன் அப்படி?

மூட்டையிலிருந்து பாக்கெட் வரை

ஜி.டி.பி. என்று டி.வி-யில் சொல்லும் மொத்த உள்நாட்டு உற்பத்தி, ஒரு எல்லைக்குள் ஓராண்டில் புதிதாக உண்டான மதிப்பு. விற்ற தொகை எல்லாவற்றையும் கூட்டினால் அது வராது.

கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். அப்பா 100 ரூபாய்க்குக் கிழங்கு விற்கிறார். அதை வாங்கிய ஆலை மாவெடுத்து, ஜவ்வரிசியாக்கி 160 ரூபாய்க்கு விற்கிறது. வியாபாரி பாக்கெட் போட்டு 200 ரூபாய்க்கு விற்கிறார். மூன்றையும் கூட்டினால் 460. ஆனால் கிழங்கின் 100 ரூபாய் அதில் மூன்று முறை நுழைந்துவிட்டது. சரியான கணக்கு: விவசாயி சேர்த்தது 100, ஆலை சேர்த்தது 60, வியாபாரி சேர்த்தது 40, ஆக 200. அப்பா வயலுக்குப் போட்ட பொட்டாஷ் வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால், அந்தப் பணத்தையும் இதிலிருந்து கழிக்க வேண்டும். அது இங்கே விளைந்த மதிப்பு அல்ல.

சிங்கப்பூரின் ஏற்றுமதி அதன் ஜி.டி.பி-யைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். ஒரு நாடு தான் உற்பத்தி செய்ததைவிட அதிகமாக எப்படி ஏற்றுமதி செய்யும்? ஜவ்வரிசிக் கணக்கேதான். வெளியிலிருந்து கச்சா எண்ணெய் வருகிறது, சுத்திகரித்து அனுப்புகிறார்கள். சிப் வருகிறது, வேலை முடித்து அனுப்புகிறார்கள். சில பெட்டிகள் துறைமுகத்தில் இறங்கி, பிரிக்காமலேயே அடுத்த கப்பலில் ஏறிவிடுகின்றன. ஏற்றுமதிக் கணக்கில் பெட்டியின் முழு விலை. ஜி.டி.பி-யில் ஏற்றி இறக்கிய கூலி, கிட்டங்கி வாடகை, கமிஷன் ஆகியவை மட்டும்.

ஒரு மருந்து ஆலை, ஒரு நாட்டின் எண்

இப்படிப்பட்ட நாட்டில் கணக்கு எடுப்பது, ஓடுகிற பஸ்ஸில் ஊசியில் நூல் கோக்கிற வேலை.

ஒவ்வொரு காலாண்டும் முடிந்த சுமார் இரண்டே வாரத்தில் சிங்கப்பூரின் வர்த்தக, தொழில் அமைச்சகம் முன்மதிப்பீட்டை வெளியிடுகிறது. மூன்று மாதத்தில் பெரும்பாலும் முதல் இரண்டு மாதத் தகவல்தான் அப்போது கையில் இருக்கும். மீதி ஊகம். பிறகு திருத்துவார்கள். 4 என்று புத்தாண்டில் சொன்ன எண், 2025 பிப்ரவரியில் 4.4 ஆனது. இதைவிடப் பெரிய திருத்தமும் உண்டு. உலக நிதி நெருக்கடி ஆண்டான 2009-ல் பொருளாதாரம் சுமார் 2 சதவீதம் சுருங்கியதாக முதலில் அறிவித்தார்கள். இன்றைய புள்ளிவிவரத்தில் அதே ஆண்டு 0.1 சதவீத வளர்ச்சி. சுருங்கிய வருஷம் பிற்பாடு வளர்ந்த வருஷமாகிவிட்டது! அடுத்த ஆண்டு, 2010-ல், 14.5 சதவீதம் என்ற பாய்ச்சல்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. நாடு சிறியது, அதனால் ஆட்டம் பெரியது. துவாஸ் பகுதியில் ஒரு மருந்து ஆலை, ஒரு மருந்தை நிறுத்திவிட்டு வேறொன்றைத் தயாரிக்க இயந்திரத்தைக் கழுவி மாற்றினால்கூட, அந்த மாதத் தொழில் உற்பத்தி எண் சரியும். வேலை ஆரம்பித்ததும் எகிறும். இந்தியாவில் ஓர் ஆலை மூடினால் நாட்டுக் கணக்கில் அது தெரியவே தெரியாது.

சின்ன நாட்டின் எண் எவ்வளவு தூரம் விளையாடும் என்பதற்கு உலகமே பார்த்துச் சிரித்த உதாரணம் அயர்லாந்து. 2015-ல் தன் பொருளாதாரம் 26.3 சதவீதம் வளர்ந்ததாக 2016 ஜூலையில் அந்த நாடு அறிவித்தது. அமெரிக்கப் பொருளியலாளர் பால் க்ரூக்மேன், அயர்லாந்து நாட்டுப்புறக் கதைகளில் வரும் குட்டிச்சாத்தானின் பெயரைச் சொல்லி, ‘அந்தப் பொருளாதாரம்’ என்று கிண்டல் செய்தார். நடந்தது என்ன? பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளை வரிக்காக அயர்லாந்துக் கணக்குக்கு மாற்றியிருந்தன. அந்த ஊர் மண்ணையே மிதிக்காத விமானங்கள்கூட, குத்தகை நிறுவனம் டப்ளினில் இருந்ததால், ஐரிஷ் சொத்தாயின. பேக்கரிக்காரர் விற்கும் ரொட்டி ஒன்றுகூடக் கூடவில்லை.

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. நாட்டு வருமானம் உயர்ந்தால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கட்ட வேண்டிய பங்கும் உயரும். காகிதத்தில் வந்த வருமானத்துக்கு நிஜப் பணம் கட்ட வேண்டும். 2017 முதல் அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம், இந்த வகைச் சமாச்சாரங்களைக் கழித்த ‘திருத்திய தேசிய வருமானம்’ என்று இன்னொரு எண்ணையும் வெளியிடுகிறது. 2023-ல் அது ஜி.டி.பி-யில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான்.

வகுக்கும்போது தலை எண்ணப்படும்

சிங்கப்பூருக்குத் திரும்புவோம். அங்கே தலைக்கு ஆண்டு உற்பத்தி 2024-ல் சுமார் 1,20,000 சிங்கப்பூர் டாலர். நம் வெல்டருக்கு அதில் சின்னத் துண்டுதான் சம்பளமாக வருகிறது. ஆனால், வகுக்கும்போது அவர் தலையும் சேர்த்துத்தான் எண்ணப்படுகிறது. அந்த ஆண்டு ஜூனில் சிங்கப்பூரின் 60.4 லட்சம் மக்கள்தொகையில் 18.6 லட்சம் பேர் குடியுரிமையோ நிரந்தரவாசமோ இல்லாதவர்கள். அவர்களில் பெரும்பகுதி வேலைக்கு வந்தவர்கள். உற்பத்தியான மதிப்பில் சம்பளமாகப் போவது சுமார் 40 சதவீதம். மீதியில் பெரும்பங்கு நிறுவனங்களின் லாபம். அவற்றில் பல வெளிநாட்டு நிறுவனங்கள்.

ஆட்களை நிறைய வரவழைத்தாலே மொத்த உற்பத்தி கூடிவிடும். வளர்ச்சி எண் நன்றாக இருக்கும். ஏற்கெனவே அங்கே இருக்கிற ஒருவரின் வாழ்க்கை மேம்பட்டதா என்பது வேறு கேள்வி. இதைச் சிங்கப்பூர் அரசே ஒப்புக்கொண்ட ஒரு கட்டம் உண்டு. அமைச்சர்களுக்கு ஒரு காலத்தில் ஜி.டி.பி. வளர்ச்சியை வைத்து போனஸ் இருந்தது. 2012-ல் சம்பள மறுஆய்வுக்குப் பிறகு அதை எடுத்துவிட்டார்கள். புதிய போனஸுக்கு நான்கு அளவுகோல்கள். ஜி.டி.பி. வளர்ச்சி அவற்றில் ஒன்று. மற்ற மூன்று: நடுவரிசைக் குடிமகனின் வருமானம் எவ்வளவு உயர்ந்தது, கடைசி 20 சதவீத வருமான வரம்பில் இருப்பவருக்கு எவ்வளவு உயர்ந்தது, குடிமக்களில் எத்தனை பேருக்கு வேலை இல்லை. அமைச்சர் சட்டைப்பையில் விழும் பணத்தையே கடைசி வரிசைக்காரரின் வருமானத்தோடு முடிச்சுப் போட்டது நல்ல யோசனை. அதிலும் ‘குடிமகன்’ என்ற சொல்லுக்குள் நம் வெல்டர் வரமாட்டார்.

இங்கே அவர் எந்தக் கணக்கில் வருவார்? ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கி வேலை பார்ப்பவர், சர்வதேசக் கணக்கு விதிப்படி அந்த நாட்டுப் பொருளாதாரத்தைச் சேர்ந்தவர். அவர் அனுப்பும் பணம் இந்தியாவின் ஜி.டி.பி-யிலும் சேராது, தேசிய வருமானத்திலும் சேராது. வெளிநாட்டிலிருந்து வரும் தொகை என்று தனி வரியில் நிற்கும். 2023-24-ல் இந்தியாவுக்கு அப்படி வந்தது சுமார் 11,870 கோடி அமெரிக்க டாலர். அதில் சிங்கப்பூரிலிருந்து வந்தது 6.6 சதவீதம், தமிழ்நாட்டுக்குள் வந்த பங்கு 10.4 சதவீதம் என்கிறது ரிசர்வ் வங்கியின் ஆய்வு. அந்தப் பணத்தில் சங்கராபுரம் பக்கத்தில் ஒரு மாடி எழுந்தால் மட்டும், கொத்தனார் கூலியும் செங்கல் சூளையின் லாபமும் கள்ளக்குறிச்சிக் கணக்குக்குள் வந்துவிடும்.

அம்மா விஷயம் இன்னும் விசித்திரம். அவர் தினமும் மூன்று வேளை சமைப்பது எந்த நாட்டு ஜி.டி.பி-யிலும் இல்லை. அவரே வீட்டுவேலைக்கு என்று சிங்கப்பூர் போய், வேறொரு குடும்பத்துக்கு அதே சாம்பாரை வைத்தால், சம்பளம் அந்நாட்டு வளர்ச்சியில் சேர்ந்துவிடும். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பெண்கள் அங்கே அப்படி வீட்டுவேலை பார்க்கிறார்கள்.

கிழங்கு கூடியது, காசு குறைந்தது

வணிகத்தை நம்பிய நாட்டுக்கு இன்னொரு தலைவலி, விலை. வளர்ச்சி எண்ணை விலை ஏற்ற இறக்கத்தை நீக்கித்தான் சொல்வார்கள். எவ்வளவு பொருள் உண்டானது என்று பார்ப்பதற்காக. ஆனால், வாழ்வது பொருளால் மட்டுமா?

மரவள்ளி விவசாயிக்கு இதை விளக்கவே தேவையில்லை. கிழங்கில் எத்தனை ‘பாயிண்ட்’ மாவு இருக்கிறது என்று பார்த்து ஆலை விலை போடும். போன வருஷம் 100 மூட்டை, மூட்டை 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 50,000 ரூபாய். இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து 110 மூட்டை. விலையோ 350. கைக்கு வருவது 38,500. விலையை நீக்கிய கணக்கில் அப்பா 10 சதவீதம் வளர்ந்திருக்கிறார். மளிகைக்கடைக் கணக்கில் 23 சதவீதம் தேய்ந்திருக்கிறார். சிங்கப்பூர் விற்கும் சிப்பின் விலை இறங்கி, வாங்கும் எண்ணெயின் விலை ஏறும் ஆண்டில் அந்த நாட்டுக்கும் இதே கதைதான்.

மலை எந்தக் கட்டத்தில்?

தமிழ்நாட்டின் 2024-25 வளர்ச்சி முதலில் 9.69 சதவீதம் என்று வந்து, பிறகு 11.19 சதவீதமாகத் திருத்தப்பட்டது. மாநிலமே கொண்டாடிய எண். அதற்குள் கள்ளக்குறிச்சி எவ்வளவு, அதற்குள் வெள்ளிமலை எவ்வளவு?

மாவட்ட உற்பத்தியையும் மாநிலப் பொருளியல், புள்ளியியல் துறை கணக்கிடுகிறது. நெல், கரும்பு, கிழங்குக்கு வட்டவாரியாகச் சாகுபடிப் பரப்பும் விளைச்சலும் கிடைக்கும். வங்கி, போக்குவரத்து, வியாபாரம் போன்றவற்றில் மாநிலத்தின் மொத்தத்தை எடுத்து, எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்பது போன்ற அளவுகளை வைத்துப் பங்கு பிரிப்பார்கள். அடிப்படை விதி ஒன்று: வருமானம் எங்கே உண்டாகிறதோ, அங்கேதான் எழுதப்படும். யார் கைக்குப் போய்ச் சேர்கிறது என்பதைப் பின்தொடர்வதில்லை. நாடுகளுக்கு நடுவே சுங்கச்சாவடியும் வங்கிப் பதிவும் இருப்பதால் உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் பிடிக்கலாம். கள்ளக்குறிச்சிக்கும் திருப்பூருக்கும் நடுவே அப்படி எதுவும் கிடையாது.

ஒரு மாவட்டமும் வணிகத்தை நம்பிய சின்ன நாடு மாதிரிதான். கிழங்கு வெளியே போகிறது, உரம் உள்ளே வருகிறது, ஆள் வெளியே போகிறார், பணம் உள்ளே வருகிறது. சிங்கப்பூருக்கு உற்பத்தி, தேசிய வருமானம் என்று இரண்டு எண் உண்டு. அயர்லாந்துக்கு மூன்று. கள்ளக்குறிச்சிக்கு உற்பத்தி என்ற ஒன்றுதான்.

கல்வராயன் மலையில் இந்த ஒற்றை எண் இன்னும் மெலிந்துபோகிறது. மலையாளிப் பழங்குடியினர் சாமையும் மரவள்ளியும் விளைவிக்கிறார்கள். கடுக்காய், தேன், புளி சேகரிக்கிறார்கள். கிழங்கு மலையில் விளைந்தாலும், ஜவ்வரிசியாக்கும் மதிப்பு ஆலை இருக்கும் சமவெளி ஊரின் கணக்கு. கீழே கூலிக்கு இறங்கி கேரளத் தோட்டத்தில் வேலை செய்தால், உற்பத்தி கேரளத்தின் கணக்கு. வீட்டுக்குக் கொண்டுவந்த பணம் மலையில் செலவாகும். எந்தக் கட்டத்திலும் வருமானமாக ஏறாது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அங்கே யாரும் வளர்ச்சி எத்தனை சதவீதம் என்று கேட்கவில்லை. சாலை இருக்கிறதா, பஸ் போகிறதா, மருத்துவ வசதி உண்டா, எத்தனை பேரிடம் ரேஷன் அட்டை இருக்கிறது என்றுதான் கேட்டார்கள்.