ஒரே முகம்... ரெண்டு டாக்டர்... ரெண்டு மார்க்! வெயில் பாதிப்பை எப்படி அளக்கிறாங்க?

பாம்பன் சின்னப்பாலத்துல பாசி எடுக்கப் போற அக்காக்கள், சேலைக்கு மேல சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, விரல்ல துணிச்சுத்துனு தயாராகித்தான் கடல்ல இறங்குறாங்க. ஆனா, முகம்? அது நேரா வெயிலுக்கு. தண்ணிக்குள்ள முங்கினாலும் தப்பிக்க முடியாது. அரை மீட்டர் ஆழத்துலகூட, மேல விழுற புற ஊதாக் கதிர்ல சுமார் 40 சதவிகிதம் இருக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. போதாக்குறைக்கு காய்ஞ்ச மணல் 15 சதவிகிதமும், கடல் நுரை 25 சதவிகிதமும் கதிரைத் திருப்பி அடிக்கும்.

இப்படி 20 வருஷம் வெயில்ல கிடந்த ஒரு முகத்தை ரெண்டு தோல் டாக்டர்கள் தனித்தனியா பார்த்தா, பாதிப்புக்கு ஒரே மார்க் போடுவாங்களா? எப்பவும் இல்லை. சுகருக்கு ரத்தம் எடுத்து நம்பர் சொல்ற மாதிரி இதுக்கு டெஸ்ட் கிடையாது. கண்ணால பார்த்து 'லேசு', 'மிதம்', 'கடுமை'னு முடிவு பண்றதுதான். உங்க 'காரம் கம்மி'யும் உங்க அப்பத்தாவோட 'காரம் கம்மி'யும் ஒண்ணா என்ன?

வார்த்தையை நம்பாம போட்டோவை நம்பலாம்னு 1992-ல் கிரிஃபித்ஸ் குழு ஒரு அளவுகோல் கொண்டுவந்தது. 0 முதல் 8 வரை மார்க். பக்கத்துல மாதிரிப் படங்கள். எந்தப் படத்தோட பொருந்துதோ அந்த மார்க். வெறும் வார்த்தை விவரிப்பைவிட இதுல டாக்டர்களுக்குள்ள ஒற்றுமை கூடுச்சு.

அந்த ஒற்றுமையை அளக்கத்தான் 'கப்பா'ன்னு ஒரு கணக்கு. 100 முகத்துல 70-க்கு ரெண்டு பேரும் ஒரே பதில்னு வெச்சுக்குவோம். சூப்பர்னு தோணும். ஆனா இருக்கிறதே ரெண்டு ஆப்ஷன்னா, கண்ணை மூடிட்டு சொன்னாலே 50 பொருந்திடும். அதைக் கழிச்சா, மிச்சமுள்ள 50-ல் 20 தான் நிஜ ஒற்றுமை. அதாவது கப்பா 0.4. ரொம்ப சுமார்!

இதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. பிரபலமான க்ளோகாவ் முறை முக்கியமா சுருக்கத்தைப் பார்க்குது. 1975-ல் ஃபிட்ஸ்பாட்ரிக் தோல் வகைகளைப் பிரிச்சப்போ வெள்ளைத் தோல்தான் கணக்கு. பழுப்பும் கறுப்பும் அப்புறம் சேர்ந்தவை. நம்ம ஊர்த் தோல்ல சுருக்கம் லேட்டாத்தான் வரும். மங்கு, கரும்புள்ளி, திட்டுத்திட்டான நிறம்தான் முதல்ல தெரியும். சுருக்கத்தை மட்டும் பார்த்தா, பாசி எடுக்கிற அக்காவுக்கு ரெண்டு டாக்டரும் சேர்ந்தே 'லேசு'னு போடலாம். கப்பா பிரமாதமா இருக்கும். மார்க் தப்பா இருக்கும். 2001-ல் கொரிய ஆய்வாளர்கள் சுருக்கத்துக்குத் தனி மார்க், நிறமாற்றத்துக்குத் தனி மார்க் போட்டது இதனாலதான் எனக்கு சரினு படுது.

சிகிச்சை எடுக்கிறீங்கன்னா, மாசம் ஒரு போட்டோ எடுங்க. அதே ஜன்னல், அதே நேரம், மேக்கப் வேணாம். பியூட்டி ஃபில்டர் ஆஃப்ல இருக்கானு ரெண்டு தடவை பாருங்க, சில போன்ல அது தானாவே ஆன் ஆகியிருக்கும். முடிஞ்சவரை அதே டாக்டர்கிட்ட காட்டுங்க. 'மிதம்'னு சொன்னா, சுருக்கத்தை வெச்சா, நிறத்தை வெச்சானு தாராளமா கேளுங்க. ஆறாத புண்ணோ, வளர்ற மச்சமோ இருந்தா மட்டும் போட்டோ எடுத்துட்டுக் காத்திருக்காதீங்க, உடனே கிளம்புங்க.