பெயரட்டையில் எவர் பெயர்? தரவுவழி ஆவணமாக்கத்தில் அடையாளக்குறிகள்

தரவுவழி ஆவணமாக்கத்தில், பக்கத்திலுள்ள ஒவ்வோர் எழுத்துச்சட்டத்திற்கும் படச்சட்டத்திற்கும் ஓர் அடையாளக்குறி இடப்படுகிறது. இன்டிசைன் போன்ற மென்பொருளில் எழுதப்படும் நிரல், அக்குறியைக் கொண்டே சட்டத்தைத் தெரிந்தெடுத்து, தரவுப் பட்டியலின் உரிய புலத்தை அதில் நிரப்பும். ஆதலின் சட்டம் இடம்பெயர்ந்தாலும் பிழை நேராது. குறி பொருந்தாவிடில், அட்டைதோறும் அப்பிழை பெருகும்.

மாநாடொன்றில், ‘குடும்பப்பெயர்’ எனக் குறியிடப்பட்ட பெருஞ்சட்டத்தில் என் தந்தையார் பெயர் அச்சாகி, மூன்று நாளும் என் கழுத்தில் தொங்கியது. தமிழர் பலருக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னிற்கும். எனவே ‘இயற்பெயர்’, ‘தந்தைபெயர்’, ‘அச்சுப்பெயர்’ எனக் குறிகளைப் பிரித்தல் வேண்டும். 1998இல் வெளியான எக்ஸ்எம்எல் 1.0, தமிழெழுத்தில் அமைந்த குறிப்பெயர்களையும் ஏற்கிறது. ஆனால் சொல்லிடைவெளி விடலாகாது. குறிகளை வரையறுக்கும் கட்டத்திலேயே தமிழறிந்தோர் பங்கேற்பின், இத்தகைய பிழை அச்சுக்குச் செல்லாது.